தண்ணி கெடந்தா முப்பது

ஏரி பார்த்த அறை வேண்டுமென்று
ஓசூரிலிருந்து போனில் கேட்டார் ரகோத்தமன்.
ஊருணி பார்த்த அறை இருக்கிறது சார்,
தோசைக்கல் அகலத் தண்ணீரும்
நான்கு படியும் தெரியும் என்றேன்.
மேனேஜர் என்னை முறைத்தார்.

எப்படி வருவது என்று அடுத்த கேள்வி.
கானாடுகாத்தானுக்கு வழி சொல்வது
என் சம்பளத்தில் பாதி வேலை.
காரைக்குடி பஸ் ஸ்டாண்டில்
முதலில் நிற்கும் டவுன் பஸ்ஸில் ஏறாதீர்கள்,
அது பள்ளத்தூரைச் சுற்றி,
நடத்துநருக்குப் பசித்த இடத்திலெல்லாம் நின்று வரும்.
(அதில் எனக்குக் காசில்லை,
ஆனால் எனக்காக அது நிற்பதுமில்லை.)
மினி பஸ் வரும். வந்தால் வரும்.
செட்டிநாடு ஸ்டேஷனில் பாசஞ்சர் நிற்கும்,
நின்றதை நீங்கள் நம்புவதற்குள் கிளம்பிவிடும்.
ஒன்றுமில்லையென்றால் அடைக்கலம்.

இல்லை சார், அது ஆள் பெயர்.
ஷேர் ஆட்டோ.

வைகாசியில் வந்தார். மூன்றாம் நாள்
இரவு ஷிப்ட் முடிந்து நான் கிளம்ப
அவரும் வாசலுக்கு வந்தார்.
கையில் போன், போனில் வரைபடம்,
ஊருக்குத் தெற்கே
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீலம்.
"இவ்வளவு பெரிய ஏரியை வைத்துக்கொண்டு
இல்லை என்றீர்களே, ஜெசிந்தா."

அடைக்கலம் பின்சீட்டில் ஆட்களை அடுக்கியிருந்தான்.
டியூப்லைட்டை நெட்டுக்குத்தாகப் பிடித்த ஒருவர்,
தொண்டி நெத்திலிக் கூடையோடு பாத்திமுத்து,
அரியர் எழுதப் போகும் பையன்கள் இரண்டு பேர்,
தூங்குகிற ஒருவர், அவர் மேல் பாதியாக நான்.
ரகோத்தமனுக்கு முன்னால், ஓட்டுகிற சீட்டின் ஓரம்.
ஒரு கால் வண்டிக்குள், ஒரு கால் காற்றில்.

"எவ்வளவுப்பா?"
"தண்ணி கெடந்தா முப்பது. இல்லாட்டி இருவது."
"தண்ணியா? எனக்கா, வண்டிக்கா?"
அடைக்கலம் ஹாரனை அழுத்தினான்.

கரையேறி, மறுபக்கம் இறங்கியது ஆட்டோ.
வெடித்துக் கிடந்தது கண்மாய்.
சீமைக்கருவேல நிழலில் ஆடுகள்.
மடைக்கல்லில் யாரோ காயப்போட்ட போர்வை.
நடுவே டயர்கள் போட்ட பாதை,
மழை வரும்வரை வைத்துக்கொள்ளுங்கள் என்று
தண்ணீர் விட்டுப்போனது.

போனில் நாங்கள் நீலத்துக்குள் நுழைந்தோம்.
ஒரு புள்ளி
கரையைவிட்டு விலகி
ஏரியின் நடுவைப் பார்த்துத்
தத்தித் தத்தி.

அவர் போனைப் பார்த்தார்.
புழுதியைப் பார்த்தார்.
மறுபடி போனை.
"நாம் இப்போது மூழ்கிக்கொண்டிருக்கிறோம்" என்றார்.
பாத்திமுத்துதான் முதலில் சிரித்தார்.
பிறகு டியூப்லைட்காரர், பையன்கள், நான்.
ஆறு பேர் சேர்ந்து சிரித்தால்
அந்த ஆட்டோ எந்தப் பக்கம் சாயும் என்று தெரியும்,
கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.
தூங்கியவர் விழித்து, இறங்க வேண்டுமா என்றார்.
அடைக்கலம் சிரிக்கவில்லை.
பள்ளம் பார்த்து ஓட்டுகிறவன், சிரிக்க மாட்டான்
என்றுதான் நினைத்தேன்.

நடுக்கண்மாயில் நிறுத்தச் சொல்லி இறங்கினார்.
கரண்டைக்கால்வரை புழுதி.
சுற்றிலும் நீலமும் நடுவில் தானுமாக
போன் திரையைப் பையன்களிடம் காட்டினார்.
"இங்கே ஆழம் எவ்வளவு இருக்கும்?"

அடைக்கலம் கையை உயர்த்தினான்.
அவர் தலைக்கு மேல்,
ஆட்டோக் கூரைக்கு மேல்,
கை எட்டுமட்டும்.
"ஐப்பசில வந்து பாருங்க. இந்த எடத்துலதான் என் தம்பி"

என்றவன்
சாவியைத் திருகினான்.
ஒரு தரம் இருமி, கிளம்பியது வண்டி.
பாத்திமுத்து கூடையின் துணியை இழுத்து மூடினார்,
ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.
எதிர்க்கரை ஏறும்வரை
டியூப்லைட் மட்டும் கண்ணாடிச் சத்தம் போட்டது.

மெயின் ரோட்டில் ரகோத்தமன் இறங்கி
மூன்று பத்து ரூபாய்த் தாள்களை நீட்டினார்.
அடைக்கலம் எண்ணிப் பார்த்து
ஒன்றைத் திருப்பிக் கொடுத்தான்.

"இன்னைக்குத் தண்ணி இல்ல சார்."